காய்ச்சல் டாக்டர் ஃபிட்ஸுக்கு மருந்து தரலாமா?

சேலம் மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண், தன் தங்கையைப் பற்றி ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

தங்கைக்கு வயது 22. மூன்று வருடத்துக்கு முன் மரவள்ளிக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தபோது முதல் முறையாக ஃபிட்ஸ் வந்தது. பத்தே நாளில் மறுபடியும். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் நரம்பியல் நிபுணரிடம் காட்டினார்கள். சி.டி. ஸ்கேனில் மூளையில் 'சின்னக் கட்டி' என்று வந்தது. ஈ.ஈ.ஜி. நார்மல். சில நாட்களுக்குப் பூச்சி மாத்திரை, ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சோடியம் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை 500 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று தொடர்ந்து போடச் சொன்னார்கள்.

எட்டு மாதம் ஒன்றுமில்லை. சரியாகிவிட்டது என்று நிறுத்தினார்கள். மூன்றாவது வாரம், விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது வந்துவிட்டது. இடது கை முழங்கை வரை வெந்துபோனது. திரும்ப ஆரம்பித்தார்கள், திரும்ப நிறுத்தினார்கள். இப்படி மூன்று தடவை. கடைசியாக வந்தது சித்திரைத் திருவிழாவில், இரண்டு இரவு தூக்கமில்லாமல் இருந்தபோது. ஐந்து மாதம் ஆகிறது.

மலையிலிருந்து வாழப்பாடி இறங்கி, சேலம் போய்த் திரும்ப ஒரு முழு நாள் வேண்டும். இரண்டு பேருடைய கூலி போகும். பஸ், ஃபீஸ், மாத்திரை என்று ஒவ்வொரு தடவையும் 2,000 ரூபாய். கையில் பணம் இல்லாத மாதம் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கி 'இழுத்து ஓட்டுகிறார்கள்'. இப்போது ஆறு கிலோமீட்டரில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த இளம் மருத்துவர், "இந்த மாத்திரையை இங்கேயே மாசாமாசம் வாங்கிக்கலாமே" என்கிறார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மூளை டாக்டர் பாக்க வேண்டியதை காய்ச்சல் டாக்டர் பாக்கறதா?" என்கிறார்.

இதற்கு நடுவில், தை மாதம் அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடக்கிறது. அத்தைக்கு 'அப்பப்ப மயக்கம் வரும்' என்று மட்டும்தான் தெரியும். சொல்லலாமா, மறைக்கலாமா? கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரையை நிறுத்திவிடலாமா? பிள்ளைக்கும் வருமா? கடிதத்தின் கடைசி வரி: "இன்னும் நாலு மாத்திரைதான் இருக்கு சார்."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரிக்கு மட்டும் அன்றைக்கே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். நாலு மாத்திரை என்றால் இரண்டு நாள். மற்ற எதையும் யோசிப்பதற்கு முன்னால் சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரையை வாங்குங்கள், வேளைக்கு ஒன்று என்ற அளவைக் குறைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். வாங்கியாயிற்று என்ற உங்கள் பதிலும் வந்தது. இனி மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் நானும் காய்ச்சல் டாக்டர்தான். 26 வருடமாகச் சளி, காய்ச்சல், சர்க்கரை, பிரசவம் எல்லாம் பார்க்கிறேன், வலிப்பும் பார்க்கிறேன். அப்பாவின் பயத்தில் தப்பில்லை. மூளை என்றாலே பெரிய விஷயம், அதைப் பெரிய டாக்டர்தான் தொட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் உங்கள் கடிதத்தையே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். மருந்து ஆரம்பித்த பிறகு தங்கைக்கு ஒவ்வொரு தடவை வலிப்பு வந்ததும் எப்போது? மாத்திரை நின்றபோதும் பாதியானபோதும், கடைசியில் தூக்கம் கெட்டபோதும்தான். சேலத்து நிபுணர் எழுதிய மருந்து வேலை செய்திருக்கிறது. வேலை செய்யாதது சேலத்துக்கும் உங்கள் ஊருக்கும் இடையில் இருக்கும் தூரம்.

வலிப்பு நோய் நம் நாட்டில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நரம்பியல் நிபுணர்களோ மிகக் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில். ஒவ்வொருவரும் நிபுணரிடம்தான் மாத்திரை வாங்க வேண்டும் என்றால் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2010-ல், நிபுணர் அல்லாத மருத்துவர்களுக்காக ஒரு சிகிச்சை வழிகாட்டி வெளியிட்டது. மனச்சோர்வு, குடிநோய் ஆகியவற்றோடு வலிப்பும் அதில் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்து ஒழுங்காக மருந்து கொடுத்தால் 100-ல் 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான். அதற்கான மருந்துகள் ஒன்றும் கடல் கடந்து வரவேண்டியவை அல்ல. ஃபீனோபார்பிட்டோன் என்ற வலிப்பு மாத்திரை 1912-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு உதாரணம் உண்டு. சத்தியமங்கலம் காட்டைத் தாண்டினால் கர்நாடகத்தில் சாம்ராஜ்நகர், அதை ஒட்டி எலந்தூர் என்ற சின்ன ஊர். பெங்களூரு நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணியும் அவருடைய குழுவினரும் அங்குள்ள கிராமத்து மக்களுக்கு ஃபீனோபார்பிட்டோன், ஃபினைட்டாயின் என்ற இரண்டு பழைய, விலை குறைந்த மாத்திரைகளை மட்டும் வைத்து வருடக்கணக்கில் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலிப்பு நன்றாகவே அடங்கியது. 2001-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அது வெளிவந்தது. பெரிய மெஷின் எதையும் நம்பி நடந்த காரியம் அல்ல அது. வீட்டுப் பக்கத்தில் மருந்து, அதை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று கேட்க ஒரு ஆள், அவ்வளவுதான்.

அதனால் அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "சேலத்து டாக்டர் வேண்டாம்னு யாரும் சொல்லலை. மாத்திரை இங்கே, முடிவு எடுக்க வேண்டிய நேரத்துக்கு அங்கே." உங்கள் இளம் மருத்துவர் நிபுணரின் சீட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தானாக ஏதோ ஆரம்பிக்கவில்லையே. அதே மருந்து, அதே அளவு. மாதாமாதம் பார்த்து, எடை பார்த்து, பக்கவிளைவு கேட்டு, தேதி போட்டு எழுதி வைக்கப்போகிறார். அவருக்குச் சந்தேகம் வந்தால் இ-சஞ்சீவனி என்ற அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனை மூலம் நிபுணரிடம் கேட்கவும் வழியிருக்கிறது. ஒரு நாள் அந்த மருந்து அங்கே இருப்பு இல்லை என்றால், "எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். வட்டார சுகாதார நிலையத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ கிடைக்குமா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் மக்கள் மருந்தகம் அல்லது முதல்வர் மருந்தகத்தில் விலை குறைவாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் உங்கள் மலைப்பாதை மண் சரிந்து மூடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகப் பத்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் வேண்டும் என்று மருத்துவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். அட்டையிலிருந்து மாத்திரைகளையெல்லாம் உரித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். வால்ப்ரோயேட் மாத்திரை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மலையில், அதுவும் அடைமழையில், நாலு நாளில் பிசுபிசுத்துப்போகும். அட்டையிலேயே இருக்கட்டும். வேளைக்கு ஒன்று உரித்துப் போடுங்கள். அட்டையைப் பார்த்தாலே எத்தனை போட்டாயிற்று என்று கணக்கும் தெரியும்.

இன்னொன்று, தினசரி காலண்டர். உங்கள் வீட்டிலும் சுவரில் ஒன்று மாட்டியிருக்கும்தானே? காலை மாத்திரைக்கு ஒரு கோடு, இரவு மாத்திரைக்கு ஒரு கோடு. வலிப்பு வந்த நாளில் சிவப்பில் ஒரு வட்டம், பக்கத்தில் எத்தனை நிமிடம் என்று. கிழிக்கும் தாளைத் தூக்கிப்போடாமல் ஒரு கிளிப்பில் சேர்த்து வைத்து, சுகாதார நிலையத்துக்குப் போகும்போது எடுத்துப் போங்கள். என்னிடம் வரும் ஒருவர் நாலு வருடத் தாளை அரிசி மூட்டைச் சணலால் கட்டிக் கொண்டுவருவார். எந்த ஈ.ஈ.ஜி.யும் எனக்குச் சொல்லாததை அந்தக் கட்டு சொல்லும்.

ஈ.ஈ.ஜி. என்றதும் ஞாபகம் வருகிறது. "ஈ.ஈ.ஜி. நார்மல்னு வந்துச்சு, அப்ப வலிப்பே இல்லையோ?" என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அது அந்த அரை மணி நேரத்தில் மூளையின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்று காட்டும், அவ்வளவுதான். வலிப்பு நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி. சாதாரணமாகவே இருக்கும். வலிப்பைக் கண்டுபிடிப்பது பார்த்தவர் சொல்லும் கதையிலிருந்துதான். இனி ஒரு தடவை வந்தால், ஒருவர் தங்கையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுங்கள். கூச்சப்படாதீர்கள். மருத்துவருக்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது.

ஸ்கேனில் வந்த 'கட்டி'

உங்கள் கடிதத்தில் அதிகம் கனத்தது இந்த ஒரு சொல்தான். அம்மா மூன்று வருடமாக அதைப் புற்றுநோய் என்றே நினைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் இருந்திருக்கிறார். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் படத்தில் இருப்பது, சுற்றிலும் வளையம் போட்ட ஒரே ஒரு சின்னப் புள்ளி. கூடவே கொடுத்த பூச்சி மாத்திரையையும் சேர்த்துப் பார்த்தால், நாடாப்புழுவின் முட்டையால் வரும் கட்டி என்றுதான் அந்த நிபுணர் முடிவெடுத்திருக்கிறார். புற்று அல்ல. இதைச் சொல்ல எந்த நிபுணருக்கும் இரண்டு நிமிடம் போதும். கூட்டத்தில் அந்த இரண்டு நிமிடம் கிடைக்காமல் போயிருக்கும்.

இந்தப் புள்ளிக்கு ஒரு கதை உண்டு. 1980-களில் சி.டி. ஸ்கேன் இங்கே வந்த புதிதில், வலிப்போடு வந்த பலருக்கு இந்த மாதிரிப் புள்ளி தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர்கள் மேத்யூ சாண்டியும் ராஜசேகரும் அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை புழுவின் கூடு என்று தெரிந்தது. சில மாதங்களில் தானாகவே சுருங்கி மறைந்துபோவதும் தெரிந்தது. வலிப்பு சிகிச்சையில் நம் ஊரிலிருந்து உலகத்துக்குப் போன பாடம் இது.

"நாங்க பன்றிக்கறி தொட்டதே இல்லை சார், எப்படி வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டவருக்கு வருவது வயிற்றில் நாடாப்புழு. அவருடைய மலத்தில் முட்டை வெளியேறும். அவர் கை கழுவாமல் பரிமாறினாலோ, அந்த மலம் தண்ணீரிலோ கீரையிலோ கலந்தாலோ, அந்த முட்டை யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். மூளைக்குப் போவது அந்த முட்டையிலிருந்து வருவதுதான். வாழ்நாளில் கறியே தொடாத ஒரு பாட்டிக்கு இதைப் பார்த்திருக்கிறேன். அதனால் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று வீட்டில் விசாரணை வைக்காதீர்கள். கழிப்பறை, சோப்பு, கீரையை நன்றாக அலசுவது, வீட்டில் எல்லாருக்கும் பூச்சி மாத்திரை வேண்டுமா என்று சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்பது, இவை போதும். ஒன்று மட்டும்: தங்கைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் பூச்சி மாத்திரை கொடுக்க வேண்டாம். மூளையில் கூடு மிச்சமிருந்தால் அது வீங்கி வலிப்பைக் கிளப்பலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அந்த ஸ்கேனைத் திரும்ப எடுக்கவே இல்லை. மூன்று வருடம் ஆகிவிட்டது. கட்டி முழுவதும் மறைந்திருக்கிறதா, இல்லை சுண்ணாம்புப் புள்ளியாக உறைந்து தங்கிவிட்டதா என்று தெரியாது. மறைந்திருந்தால், ஒழுங்காக மருந்து சாப்பிட்டு வலிப்பில்லாமல் சில காலம் போனபின் மாத்திரையை மெல்ல மெல்லக் குறைப்பதைப் பற்றிப் பேசலாம். புள்ளியாகத் தங்கியிருந்தால் அந்தத் தழும்பு மறுபடி மறுபடி வலிப்பைக் கிளப்பலாம். வருடக்கணக்கில் மருந்து வேண்டியிருக்கலாம். இந்த முடிவை உங்கள் சுகாதார நிலைய மருத்துவர் தனியாக எடுக்கக் கூடாது, அவரும் எடுக்க மாட்டார். இதற்குத்தான் ஒரு தடவை சேலம் போக வேண்டும். தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. சுகாதார நிலையத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பழைய ஸ்கேன் படம், காலண்டர் தாள்களோடு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். நரம்பியல் பிரிவு எந்தக் கிழமை என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கிழமை தெரியாமல் போய்த் திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன் மாத்திரையைப் பற்றி

சேலம் போகச் சொல்வதற்கு இரண்டாவது காரணம் இது. ஸ்கேனைவிட அவசரமும் இதுதான்.

வால்ப்ரோயேட் நல்ல மருந்து. ஆனால் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு, வேறு வழி இருக்கும்போது தரக் கூடாத மருந்து. கர்ப்பத்தின்போது இதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்குப் பத்துப் பேருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது: முதுகுத்தண்டு மூடாமல் போவது, இதயக் கோளாறு, அண்ணப் பிளவு. அதைவிட, 100-க்கு 30 முதல் 40 குழந்தைகளுக்குப் பேச்சு, படிப்பு, புத்தி வளர்ச்சியில் தாமதம் வருகிறது. கர்ப்பம் தெரிவதற்குள்ளேயே, முதல் சில வாரங்களிலேயே சேதம் தொடங்கிவிடும். அதனால் 'நாள் தள்ளிப்போனதும் மாத்திக்கலாம்' என்பது நடக்காது.

இதைப் படித்த பதற்றத்தில் இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதை இரண்டு தடவை படிக்கச் சொல்லுவேன். திடீரென நிறுத்தினால் விட்டு விட்டு இல்லாமல் தொடர்ச்சியாக வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். புது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வாரக்கணக்கில் மாற்ற வேண்டும். லெவெட்டிராசெட்டம், லமோட்ரிஜின் என்ற இரண்டும் கர்ப்பத்தில் ஓரளவு பாதுகாப்பானவை என்று தெரிந்திருக்கிறது. எது உங்கள் தங்கைக்குப் பொருந்தும் என்று நிபுணர் சொல்லட்டும். லெவெட்டிராசெட்டம் சிலருக்குக் காரணமில்லாத எரிச்சலும் கோபமும் தரும். புது மருந்து ஆரம்பித்தபின் 'இவ ஏன் இப்படி எரிஞ்சு விழறா' என்று வீட்டில் தோன்றினால் அவளைத் திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். லமோட்ரிஜினில் தோலில் தடிப்பு வந்தால் அன்றே காட்ட வேண்டும். மாற்றி முடிக்கும் வரை கிணறு, ஓடை, அடுப்பு எல்லாவற்றிலும் வழக்கத்தைவிடக் கவனம். தை மாதத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. இப்போதே கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும்.

மாற்றியபின் மறுபடியும் மாதாந்திர மாத்திரை உங்கள் சுகாதார நிலையத்திலேயே. கல்யாணம் முடிவானதும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் ஆரம்பிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ஃபினைட்டாயின் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, இரண்டாவது குழந்தையைத் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்டதால் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ஃபினைட்டாயின், கார்பமஸிபைன், ஃபீனோபார்பிட்டோன் போன்ற வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். படித்திருந்தேன், அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. நாலாவது மாதம் அவர் கர்ப்பமாக வந்து நின்றார். திட்டவில்லை, "நீங்கதான சார் குடுத்தீங்க" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண் யார் வந்தாலும் முதலில் கேட்பது, குழந்தைத் திட்டம் என்ன என்பதுதான். உங்கள் மருத்துவர் கேட்க மறந்தால் நீங்கள் கேளுங்கள். காப்பர்-டிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பிள்ளைக்கு வருமா என்றால், புழுக் கூட்டின் தழும்பால் வரும் வலிப்பு பரம்பரையாக வருவதில்லை. நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதால் வரும் பிற பிறவி நோய்களின் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அது வேறு விஷயம். வலிப்போடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

அத்தையிடம் சொல்வதா?

சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். சட்டம் ஒரு காலத்தில் வலிப்பைக் கல்யாணத்துக்குத் தடையாக வைத்திருந்தது உண்மை. இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் 1999-ல் அதை எடுத்துவிட்டார்கள். நீங்கள் மலைவாழ் பழங்குடிச் சமூகம் என்று எழுதியிருப்பதால் இந்து திருமணச் சட்டம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது, உங்கள் ஊர் வழக்கம்தான் நடக்கும். ஆனாலும் நான் யோசிப்பது சட்டத்தை வைத்து அல்ல. மறைத்துக் கல்யாணம் செய்த பெண்கள் முதலில் நிறுத்துவது மாத்திரையைத்தான். மாமியார் பார்த்துவிடுவார் என்று. புது வீட்டில் தூக்கம் குறைவு, மாத்திரையும் இல்லை. முதல் மாதத்திலேயே வலிப்பு வந்துவிடும். அதன் பிறகு சொல்கிற உண்மைக்கு மரியாதை இல்லை.

எப்படிச் சொல்வது என்பதில் கொஞ்சம் யோசிக்கலாம். 'காக்கா வலிப்பு' என்று சொன்னால் அத்தை எழுந்து போய்விடுவார். (அதில் காக்காயும் இல்லை, ஒன்றும் இல்லை; கால்-கை வலிப்பு என்பதுதான் வாயில் தேய்ந்து அப்படி ஆனது என்பார்கள்.) "மூளையில் ஒரு தழும்பு இருக்கிறது, அதனால் ஃபிட்ஸ் வந்தது, தினமும் மாத்திரை போட்டால் வருவதில்லை" என்று சொல்லுங்கள். அத்தையையும் மாப்பிள்ளையையும் ஒருநாள் சுகாதார நிலையத்துக்கே கூட்டிப்போய் மருத்துவர் வாயால் கேட்கவைப்பது இன்னும் நல்லது. நான் அப்படிப் பேசி உட்காரவைத்த இரண்டு கல்யாணம் நடந்திருக்கிறது, ஒன்று நின்றும் போயிருக்கிறது. நின்றுபோனதற்கு அந்தப் பெண் அழவில்லை, அவளுடைய அம்மாதான் அழுதார்.

இங்கே ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஏழு பக்கத்தில் அப்பா என்ன சொன்னார், அத்தை என்ன நினைப்பார், பாட்டி எங்கே மந்திரிக்கச் சொன்னார் என்பதெல்லாம் இருக்கிறது. தங்கை என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. 22 வயதுப் பெண். மாத்திரையை அவள் ஏன் நிறுத்துகிறாள் என்று அவளிடமே கேட்டுப் பார்த்தீர்களா? பணம் மட்டும்தானா? வால்ப்ரோயேட்டில் முடி கொட்டும், எடை கூடும், கை லேசாக நடுங்கும். கல்யாணப் பேச்சு நடக்கும் நேரத்தில் சீப்பில் கொத்தாக முடி வந்தால் எந்தப் பெண்தான் அந்த மாத்திரையை விரும்பிப் போடுவாள்?

வலிப்பு வரும் அந்த இரண்டு நிமிடம்

பாட்டி கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதாகவும் அது 'வேலை செய்கிறது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவியைத் தேடி எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுகிய விரலைப் பிரித்துத் திணிப்பதற்குள் அது ஓய்ந்துவிடும். பெயர் சாவிக்குப் போகிறது. பாட்டியோடு சண்டை போட வேண்டாம். ஆனால் விரலைப் பிரித்தால் காயமாகும், வாய்க்குள் கரண்டியோ துணியோ வைத்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். பாட்டிக்கு வேறொரு வேலை கொடுங்கள்: கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தங்கையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தலைக்கு அடியில் மடித்த சேலை. கழுத்தருகே இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். கையைக் காலைப் பிடித்து அழுத்த வேண்டாம். முழு நினைவு வரும்வரை தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ 108. உங்கள் மலைக்கு வண்டி வர நேரமாகும் என்பதால், மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எப்படி, எப்போது அடிப்பது என்று அவர் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லி வாங்குங்கள்.

மந்திரிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போய் வாருங்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடமாக மட்டும் இருக்கக் கூடாது.

அடுப்பைப் பற்றி. அந்தக் கையின் தழும்புக்குப் பிறகும் அவள்தான் தினமும் சமைக்கிறாள். சமைக்காதே என்று சொல்வதற்கில்லை; ஆனால் தரையோடு இருக்கும் விறகடுப்பு முன்னால் தனியாகக் குந்தியிருக்க வேண்டாம். கேஸ் இருந்தால் அதை மேடையில் ஏற்றி, பாத்திரத்தின் பிடியை உள்பக்கம் திருப்பி வைத்துச் சமைக்கட்டும். குளிப்பது ஓடையில் வேண்டாம், வீட்டில் வாளியில். உள்தாழ் போட வேண்டாம், கதவில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் ஆள் இருக்கிறது என்று தெரியும். ஸ்கூட்டி ஓட்டும் ஆசை இருந்தால் தள்ளிவையுங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கு நிரப்பும் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். திருவிழாவுக்குப் போகலாம், விடிய விடிய விழிக்கத்தான் கூடாது. பத்து மணிக்குப் படுக்க அனுப்பிவிட்டு நீங்கள் கூத்துப் பாருங்கள்.

சுகாதார நிலைய மருத்துவர் சேலத்துக்கு எப்போதெல்லாம் அனுப்ப வேண்டும் என்று உங்களுக்கும் தெரிந்திருந்தால் நல்லது. வேளை தவறாமல் மாத்திரை போட்டும் வலிப்பு வந்தால். வலிப்பின் மாதிரி மாறினால். தினமும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், ஒரு பக்கம் கை கால் பலவீனம் வந்தால். கர்ப்பம் என்று தெரிந்தால். மாத்திரையை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால். இவை இல்லாத மாதங்களில் ஆறு கிலோமீட்டர் போதும். வாந்தி, பசியின்மை, கண் மஞ்சளாவது, சட்டென்று அதிகத் தூக்கம் இருந்தால் சேலம் போகும்வரை காத்திருக்காமல் அன்றே சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வால்ப்ரோயேட் ஈரலைத் தாக்குவது அபூர்வம், ஆனால் தாக்கினால் இப்படித்தான் ஆரம்பிக்கும். வேறு ஏதாவது நோய்க்கு யார் மருந்து எழுதினாலும், "ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுறா" என்று முதலில் சொல்லுங்கள். சில வலி மாத்திரைகளும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் வலிப்பைத் தூண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

அடுத்த தடவை சுகாதார நிலையம் போகும்போது அப்பாவையும் கூட்டிப் போங்கள். அந்த இளம் மருத்துவரிடம் அவரே கேட்கட்டும், மூளையைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று. கோபித்துக்கொள்ள மாட்டார். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். சேலத்து ஸ்கேன் வந்ததும் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்புங்கள். இந்தத் தடவை கடிதத்தைத் தங்கையே எழுதட்டும்.